சென்னை – சிங்கப்பூர்: போக 7 மணி நேரம், வர 2 மணி நேரமா?

மடிப்பாக்கத்தான்:
அம்மா ஜூலையில் தங்கச்சி வீட்டுக்குத் தனியாக சிங்கப்பூர் போகிறார்கள். முதல் விமானப் பயணம், முட்டிவலி வேறு. "எத்தனை மணி நேரம்டா உக்காந்திருக்கணும்?" என்கிறார்கள். டிக்கெட்டில் போகும்போது 23:15 கிளம்பி மறுநாள் 06:10 இறங்குகிறது. வரும்போது 20:00 கிளம்பி 21:45க்கே சென்னை! தூரம் ஒரு தளத்தில் 2,920, ஒரு ஆப்பில் 1,578. எதை நம்ப?

ஈசூன்வாசி:
எல்லாமே சரிதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். போகும் 6:55இல் அதைக் கழித்தால் 4:25. வரும் 1:45இல் கூட்டினால் 4:15.

நேர வித்தியாசம் தெரியாத ஊருக்கும் ஒரு வழி உண்டு. போக, வர டிக்கெட்டில் தெரியும் இரண்டு பயண நேரத்தையும் (6:55, 1:45) கூட்டிப் பாதியாக்குங்கள். 8:40இல் பாதி 4:20. நேரடி விமானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1,578 என்பது நாட்டிகல் மைல், கப்பலிலும் விமானத்திலும் தூரத்துக்குப் பயன்படுத்தும் அளவு. 1.852ஆல் பெருக்கினால் அதே 2,920 கி.மீ. வரும்.

கணக்குப்புலி:
இடிக்குதே. விமானம் மணிக்கு 850–900 கி.மீ. போகும். 2,920க்கு மூன்றரை மணி நேரம் கூட வராது. அதோடு கிழக்கே போனால் சீக்கிரம் போகணும், இங்கே போகத்தான் 10 நிமிஷம் அதிகம்!

ஈசூன்வாசி:
தளங்கள் காட்டுவது பூமியின் மேல் கோடு இழுத்த தூரம். விமானம் வான்வழிப் பாதையில் வளைந்துதான் போகும். டிக்கெட் நேரம் விமானம் இங்கே நிலைய வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே வாசலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதமாகாமல் இருக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவும் போட்டு வைக்கும்.

கிழக்கே சீக்கிரம் என்பது லண்டன், நியூயார்க் மாதிரி வடக்கே தள்ளி இருக்கும் பாதைகளுக்கு. அங்கே மேல்காற்று மேற்கிலிருந்து வீசும். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைகீழ். தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்றோட்டம் உண்டு. 1950களில் நம்ம நாட்டு வானிலை அறிஞர் கோடேஸ்வரம் விளக்கியது. விமானம் அவ்வளவு உயரத்தில் பறக்காது, ஆனால் 11, 12 கி.மீ.யிலேயே எதிர்காற்று தெரியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போகும்போது சிங்கப்பூருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆவது இயல்பு.

மடிப்பாக்கத்தான்:
நன்றிங்க. 06:10க்கு விடிஞ்சிருக்குமா? இருட்டில் இறங்கினால் பயந்துடுவாங்க.

ஈசூன்வாசி:
விடிந்திருக்காது. இங்கே சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில்தான். தீர்க்கரேகைப்படி, அதாவது சூரியன் கணக்கில், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்தான் வித்தியாசம், கடிகாரமோ இரண்டரை காட்டுகிறது. ஏற்கெனவே சூரியனுக்கு முன்னால் ஓடிய கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடம்புக்கு அப்போது நம்மூர் விடிகாலை 3:40. தூக்கக் கலக்கம் இருக்கும், தங்கச்சியை வெளிவாசலில் நேரத்தோடு நிற்கச் சொல்லுங்கள். முட்டிவலிக்கு நடைவழி ஓர இருக்கை கேளுங்கள். சக்கர நாற்காலி உதவியையும் இப்போதே பதிந்து வைத்துவிடுங்கள், சாங்கி விமான நிலையத்தில் நடை அதிகம்.