நள்ளிரவில் தண்ணீர் டேங்க் தானாகக் காலியாகிறது, பம்ப் நிற்கவே மாட்டேன் என்கிறது. உதவி வேண்டும்

சக்கரவீடு:
வணக்கம். நானும் கணவரும் போன ஏப்ரலில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மோட்டார்ஹோமிலேயே, அதாவது வீடு மாதிரி வசதி உள்ள வண்டியிலேயே, குடியிருக்கிறோம். கோடை முழுக்க இங்கிலாந்தில் டெவன், கார்ன்வால், அப்புறம் நார்ஃபோக் கடற்கரை என்று ஒரு குறையும் இல்லாமல் போனது. இது எங்களுக்கு முதல் குளிர்காலம். இப்போது நார்தம்பர்லாந்தில் கிராஸ்டர் பக்கம் ஒரு பண்ணையில் நிற்கிறோம். ஐந்து வண்டி மட்டும் நிற்கக்கூடிய சின்ன இடம், ஒரு குழாய், டாய்லெட் கேசட்டை (கழிவுப் பெட்டியை) கொட்ட ஒரு தொட்டி, அவ்வளவுதான். கரண்ட் இணைப்பு கிடையாது.

நேற்று விடியற்காலை மூன்று மணிக்கு டகடகவென்று சத்தம் கேட்டு விழித்தேன். தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால், முந்தின நாள் மாலைதான் நிரப்பிய 100 லிட்டர் டேங்க் காலி! சீட்டுகளைத் தூக்கி, அலமாரிகளைக் காலி செய்து, டிஷ்யூ வைத்துத் தடவிப் பார்த்துவிட்டேன், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலையில் இரண்டு கேன் ஊற்றி பம்ப்பைப் போட்டால் மறுபடியும் அதே கதை, குழாயில் நூல் மாதிரி வருகிறது, பம்ப் நிற்கவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டோம், பம்ப் போயிருக்கும், மாற்ற 250 பவுண்டு ஆகும் என்கிறார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன்.

இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, அன்றிரவு ஹீட்டரும் தானாக அணைந்திருந்தது.

பழைய டீசல்:
பம்ப்பின் பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் இப்படி நிற்காமல் ஓடும், எனக்கு ஒருமுறை ஆனது. ஆனால் அப்போது டேங்க் காலியாகவில்லை. உங்களுக்குத் தண்ணீர் எங்கேயோ போகிறது, அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

யார்க்‌ஷயர் மாமா:
பம்ப்பை மாற்றாதீர்கள் அம்மா, தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். வண்டிக்கு ஹீட்டரும் வெந்நீரும் சேர்ந்த காம்பி பாய்லரா? அன்றிரவு வெளியே எத்தனை டிகிரி? பம்ப்பைப் போட்டுவிட்டு வெளியே இறங்கி வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

சக்கரவீடு:
காம்பிதான் மாமா, கேஸில் ஓடுவது. அன்றிரவு மைனஸ் 3 என்று போனில் காட்டியது. இப்போதுதான் அடியில் பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் கேட்டது சரிதான்! பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது, பம்ப்பைப் போட்டால் அதிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அதற்கு நேர் கீழே புல்லின் மேல் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி ஒரு பனிக்கட்டி. டேங்க்கில் ஓட்டையா?

யார்க்‌ஷயர் மாமா:
ஓட்டை இல்லை, எதுவும் உடையவும் இல்லை. பாய்லர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பாய்லருக்குள் ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது உறைந்தால் விரிந்து உள்தொட்டியைப் பிளந்துவிடும், அப்படிப் போனால் செலவு ஆயிரக்கணக்கில். அதனால் பக்கத்திலேயே உறைபனி வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி வெப்பம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால், கரண்ட் எதுவும் தேவையில்லாமல் தானாகத் திறந்து பாய்லர் தண்ணீரை வெளியே விட்டுவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை. நீங்கள் பம்ப்பை ஆன் செய்துவிட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். வால்வு திறந்ததும் குழாயில் அழுத்தம் இறங்கியது, யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள் என்று பம்ப் நினைத்துக்கொண்டு மொத்த டேங்க்கையும் அந்த வால்வு வழியாகவே இறைத்துவிட்டது. நிமிடத்துக்கு 7, 8 லிட்டர் என்றால் 100 லிட்டருக்கு கால் மணி நேரம் போதும். அப்புறம் காலி டேங்க்கை வைத்துக்கொண்டு ஓடி உங்கள் பேட்டரியையும் தின்றிருக்கும்.

திறந்த வால்வு தானாக மூடாது, கையால்தான் மூட வேண்டும். பாய்லர் பக்கத்தில், பெரும்பாலும் கட்டிலுக்கோ சீட்டுக்கோ அடியில், ஒரு சின்ன திருகு குமிழும் ஒரு பட்டனும் இருக்கும். குமிழைத் திருப்பிப் பட்டனை அழுத்தினால் நிற்க வேண்டும். வால்வைச் சுற்றி 7 டிகிரிக்கு மேல் சூடு வந்தால்தான் அது பிடிக்கும், அதற்கு முன் எத்தனை முறை அழுத்தினாலும் வெளியே வந்துவிடும், பலம் காட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமலும் காம்பியில் ஹீட்டிங் மட்டும் ஓட்டலாம், அதனால் முதலில் வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள்.

இனிமேல் படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

லே-பை நண்பன்:
பட்டனை அழுத்தி ஒரு துணி கிளிப்பை மாட்டிவிட்டால் திறக்கவே திறக்காது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

யார்க்‌ஷயர் மாமா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை யாரும் செய்யக் கூடாது. ஹீட்டர் ஓடுகிறவரை கிளிப் நல்லதுதான். ஹீட்டர் நின்றுபோன ஒரே ஒரு ராத்திரியில் பாய்லர் வெடித்துப் பிளக்கும். இந்த அம்மாவுக்கு அன்று ஹீட்டர் நின்றுதான் போயிருந்தது, கிளிப் இருந்திருந்தால் இன்றைக்கு அவர்கள் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். வால்வு இருக்கும் மூலை குளிர்ந்தால் அதற்குச் சூடு கொடுங்கள், வால்வின் வாயைக் கட்டாதீர்கள்.

சக்கரவீடு:
கிடைத்துவிட்டது! கட்டிலுக்கு அடியில், வெளிச்சுவரை ஒட்டிய மூலையில், நாங்கள் அரிசி மூட்டையையும் இரண்டு போர்வையையும் திணித்து வைத்த இடத்துக்குப் பின்னால் இருந்தது. கை வைத்தால் ஃப்ரிட்ஜுக்குள் விட்ட மாதிரி சில்லென்று இருக்கிறது. எங்கள் மூட்டையே ஹீட்டர் காற்று அந்தப் பக்கம் போகாமல் அடைத்திருக்கிறது. முதலில் பட்டன் நிற்கவில்லை. சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து, வெந்நீர்ப் பையை வால்வின் மேல் சாய்த்து வைத்துக் கால் மணி நேரம் கழித்து அழுத்தினேன், டக்கென்று நின்றுவிட்டது. பம்ப்பும் பத்து நொடியில் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது மாமா, ரொம்ப நன்றி.

ஆனால் ஹீட்டர் ஏன் நின்றது? கேஸ் தீரவில்லை, சிலிண்டரைத் தூக்கினால் கனக்கிறது, ஆட்டினால் உள்ளே திரவம் அலம்புகிறது. காலை பத்து மணிக்கு டீ போட அடுப்பும் நன்றாக எரிந்தது.

கும்ப்ரியா அக்கா:
சிலிண்டர் என்ன நிறம்?

சக்கரவீடு:
நீலம், 7 கிலோ. கோடையில் வாங்கியதுதான், தீரத் தீர அதையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

கும்ப்ரியா அக்கா:
அதுதான் காரணம். இந்த நாட்டில் நீலம் என்றால் பியூட்டேன், சிவப்பு என்றால் புரோபேன். நம் ஊரில் சமையலறைக்கு எப்போதும் ஒரே சிவப்பு சிலிண்டர்தான் வரும், நிறத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, நானும் முதல் வருடம் பார்க்கவில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம், அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். அதோடு ஹீட்டர் மாதிரி நிறைய கேஸ் இழுக்கும் சாமான் ஓடும்போது உள்ளே இருக்கும் திரவம் இன்னும் குளிர்ந்துபோகும், அதனால் வெளியே 4, 5 டிகிரி இருந்தாலே தகராறு ஆரம்பித்துவிடும். ராத்திரி கேஸ் வரவில்லை, ஹீட்டர் அணைந்தது, அந்த மூலை குளிர்ந்தது, வால்வு திறந்தது, பம்ப் ஓடியது. காலையில் வெயில் சிலிண்டர் பெட்டியில் பட்டதும் அடுப்பு எரிந்தது.

சிவப்பு சிலிண்டருக்கு மாறுங்கள். வண்டிச் சுவரில் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டராக இருந்தால் அது இரண்டு கேஸுக்கும் பொதுவானது, மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சிலிண்டரோடு சேரும் ஹோஸ் வேறு. உங்கள் 7 கிலோ நீலத்துக்கு மேலிருந்து அமுக்கி மாட்டும் கிளிப், சிவப்புக்கு இடது பக்கம் திருகும் மரை, ஸ்பேனர் வேண்டும். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், இதில் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. குளிர் வருகிறதே என்று சிலிண்டர் பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையைத் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அந்த வழியாகத்தான் கீழே இறங்கிப் போக வேண்டும்.

சக்கரவீடு:
அடைத்துத்தான் வைத்திருந்தோம் அக்கா. பழைய துண்டு ஒன்று. இதைப் படித்த நிமிடமே ஓடிப்போய் எடுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஆல்னிக் போய் சிவப்பு 6 கிலோவும் புது ஹோஸும் வாங்கி மாட்டினோம். நேற்று மைனஸ் 4. வால்வு பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் ஒட்டி வைத்தேன், காலை ஆறு மணிக்கு 11 டிகிரி. டேங்க்கில் தண்ணீர் அப்படியே இருக்கிறது, பண்ணைக் குழாய்தான் உறைந்துவிட்டது. வியாழக்கிழமை கெஸ்விக் கிளம்புகிறோம். இந்த 6 கிலோ எத்தனை நாள் வரும்?

கும்ப்ரியா அக்கா:
சந்தோஷம் அம்மா. சின்ன தணலில் ஹீட்டர் மணிக்கு 160 கிராம் அளவுக்குத் தின்னும். நிற்காமல் எரிந்தால் 6 கிலோவுக்கு 37 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும், ஆனாலும் சமையலும் வெந்நீரும் சேர்த்தால் கடுங்குளிரில் மூன்று நான்கு நாள்தான். அதனால் இரண்டாவது சிவப்பு ஒன்று எப்போதும் பெட்டியில் நிறைந்து இருக்கட்டும், இடம் இருந்தால் 13 கிலோ வாங்குங்கள். கெஸ்விக்கில் கரண்ட் இணைப்பு உள்ள இடமாகப் பிடித்தால் ஒரு சின்ன ஃபேன் ஹீட்டரையே ஓட்டிக்கொள்ளலாம், கேஸ் மிஞ்சும், பேட்டரியும் நிறையும். டிசம்பர் ஜனவரியில் வெயில் அவ்வளவு தாழ்வாக வருவதால் கூரையில் இருக்கும் சோலாரை நம்ப முடியாது.

யார்க்‌ஷயர் மாமா:
போகும்போது ஏ69 சாலையில் கார்லைல், அங்கிருந்து எம்6 சாலையில் பென்ரித், அப்புறம் ஏ66 பிடித்து நேராகக் கெஸ்விக். அங்கே போன பிறகு வழி சொல்லும் சாட்நாவ் ஹார்ட்நாட் பாஸ் வழியாகக் குறுக்கு வழி காட்டினால் கேட்காதீர்கள், மூன்றடி போனால் ஓரடி ஏறும் பாதை, உங்கள் வண்டிக்கு ஆகாது. அந்த அரிசி மூட்டையை எங்கே மாற்றி வைத்தீர்கள்?

சக்கரவீடு:
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாமா. கட்டிலுக்கு அடியில் இப்போது செருப்புகூட வைப்பதில்லை.