பைப் ட்யூன் அக்கார்டியனில் சோகமாகக் கேட்கிறது. தப்பு என்னிடமா, பெட்டியிலா?

டண்டீ துருத்தி:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தில் டண்டீயில் நாலு வருஷமாக இருக்கிறேன். 14 மாசத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு 72 பேஸ் (இடது கைக்கு 72 பொத்தான்) பியானோ அக்கார்டியன் வாங்கினேன். வாத்தியார் கிடையாது. சின்ன வயசில் ஊரில் ரெண்டு வருஷம் கீபோர்டு கிளாஸ் போனதுதான் மூலதனம். ஜிக், வால்ட்ஸ் ஓரளவு வருகிறது. ஸ்ட்ராத்ஸ்பே என்கிற ஸ்காட்லாந்து நடன மெட்டு பக்கம் போனதும்தான் எல்லாம் குழப்பம்.

லைப்ரரியில் பேக்பைப் ட்யூன் புத்தகம் ஒன்று எடுத்தேன். அதிலிருந்து "தி டெவில் இன் தி கிச்சன்" எடுத்து மூணு வாரம் சாதகம் பண்ணினேன். ஒரு நோட்டு பிசகாமல் வருகிறது. ஆனால் கேட்டால் துக்க வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறது. இதே ட்யூனை ஒரு கேலி நடனத்தில் (நம்ம கேலி இல்லை, இங்கே நடன விருந்துக்கு அப்படிப் பேர்) கேட்டபோது குதியாட்டமாக இருந்தது.

பைப்பர் வாசித்த ரெக்கார்டிங்கோடு சேர்ந்து வாசித்தால் சுருதி ஒட்டவே இல்லை. அரை ஸ்வரம் மேலே தள்ளி வாசித்தும் பார்த்துவிட்டேன், அப்பவும் கொஞ்சம் பிசிறுகிறது. போதாததற்கு, ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் அலை அலையாக நடுங்குகிறது. பெட்டியே சுருதி போனதோ என்று சந்தேகம்.

போன வாரம் ஒரு பப்பில் நடந்த செஷனில் (எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் கூட்டம்) தைரியமாக உட்கார்ந்தேன். பாதியில் காற்று தீர்ந்து போய், ட்யூன் நடுவில் துருத்தியைத் திருப்பி, எல்லாரும் என்னைப் பார்த்து... விடுங்க. பிடில் வாசித்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னது: "நோட்டெல்லாம் இருக்கு தம்பி, ஸ்ட்ராத்ஸ்பேதான் இல்ல." அது என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. அதான் இங்கே கேட்கிறேன்.

பழைய கீபோர்டு:

இது சுலபம் சகோ. பைப் ட்யூன் எல்லாம் ஏ ஸ்கேல். ஏ மேஜருக்கு மூணு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏத்தி வாசிக்கிறது): எஃப், சி, ஜி. புத்தகத்தில் அச்சடிக்காமல் விட்டிருப்பாங்க. மூணையும் ஷார்ப்பாக வாசிங்க, இடது கையில் ஏ, டி, ஈ செவன்த் கார்டு போடுங்க. சரியாகிடும்.

டண்டீ துருத்தி:

ஆமாம் அண்ணா, புத்தகத்தில் கீ சிக்னேச்சரே (எது எது ஷார்ப் என்று வரித் தொடக்கத்தில் போடும் குறி) இல்லை! நான் எல்லாத்தையும் வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போ மூணு ஷார்ப் போட்டுப் பார்த்தேன். சோகம் போச்சு. ஆனால் சில இடத்தில், முக்கியமாக கீழே இறங்கும்போது, சினிமாப் பாட்டு மாதிரி வழுக்குகிறது. ஈ செவன்த் போட்டால் இன்னும் மோசம்.

எடின்பரோ மழை:

தம்பி, அவர் சொன்னதிலை ரெண்டு பங்கு சரி, ஒரு பங்கு பிழை. நான் இஞ்ச ஒரு நடன வகுப்புக்குப் பத்து வருசமா பெட்டி வாசிக்கிறன், அதாலை கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

பைப்பிலை மொத்தம் ஒன்பது ஸ்வரம்தான். கீழ் ஜியிலை தொடங்கி மேல் ஏயிலை முடியும். அதிலை சியும் எஃபும் எப்பவும் ஷார்ப், ஜி எப்பவும் ஷார்ப் இல்லை. வாத்தியத்திலை வேற வழியே இல்லாதபடியாலை கனக்கப் பைப் புத்தகங்களிலை கீ சிக்னேச்சர் போடுறேல்லை. பைப்பருக்கு அது தேவையும் இல்லை. அந்தத் தாளை அக்கார்டியன்காரர் எடுக்கேக்கதான் வில்லங்கம்.

எங்கட சங்கீதத்திலை சொன்னால் டக்கெண்டு விளங்கும். ஏயை ஸட்ஜமா வையுங்கோ. வெள்ளைக் கட்டையிலை மட்டும் நீங்கள் வாசிச்சது நடபைரவி ராகம். பின்னை சோகமாத்தானே இருக்கும்? அண்ணை சொன்ன மூண்டு ஷார்ப் சங்கராபரணம். பைப்பிலை இருக்கிறது ஹரிகாம்போதி. கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) வரவேண்டிய இடத்திலை காகலி (உயர்ந்த நி) போட்டால் வழுக்காமல் என்ன செய்யும்?

இடது கையும் இதோடை ஒட்டினதுதான். இந்த மாதிரி ட்யூனிலை மெட்டு ஏயிலை கொஞ்ச நேரம் நிக்கும், அப்படியே முழுசா ஒரு படி இறங்கி ஜியிலை நிக்கும், திரும்ப ஏறும். இரட்டை ஸட்ஜமம் எண்டே சொல்லலாம். ஈ செவன்த்துக்குள்ளை ஜி ஷார்ப் ஒளிஞ்சு கிடக்கு, அதாலைதான் அது அடிபடுது. ஏ மேஜர், ஜி மேஜர், ரெண்டையும் வைச்சே முக்கால்வாசி ட்யூனை ஓட்டலாம். குழி இருக்கிற பொத்தான் சி. அதிலையிருந்து நாடிப் பக்கமா மேலை ஜி, டி, ஏ எண்டு போகும். ஏயிலை விரல் இருந்தால் ஜி ரெண்டு பொத்தான் கீழை. கண்ணாலை பாக்க ஏலாது, கை பழகவேணும். வலது கையைத் தொடாமல் ஒரு கிழமை அந்தத் தாவலை மட்டும் செய்யுங்கோ.

ரெக்கார்டிங் ஒட்டாததுக்கு உங்கட பெட்டியிலை பிழை இல்லை. அக்கார்டியன் ஏ 440 ஹெர்ட்ஸ். பைப்பிலை "ஏ" எண்டு எழுதுறது கேக்கேக்க பி ஃபிளாட்டையும் தாண்டி நிக்கும். பி ஃபிளாட் 466, இப்பத்தைய பைப் பாண்டுகள் கனக்க 480க்குக் கிட்ட வைக்கினம். ரெண்டு கட்டைக்கு நடுவிலை விழுற சுருதியை எந்தக் கட்டையாலை பிடிப்பீங்கள்? பிடில், அக்கார்டியன் வாசிச்ச ரெக்கார்டிங்கைத் தேடி அதோடை வாசியுங்கோ.

ஸ்ட்ராத்ஸ்பே பற்றி இரவைக்கு எழுதுறன். வேலைக்கு நேரமாச்சு.

பழைய கீபோர்டு:

ஆகா, ஹரிகாம்போதி! பைப் ஸ்கேலை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை, அடிச்சு விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. அந்த மூணு டிரோன் குழல் நம்ம நாதஸ்வரத்து ஒத்து மாதிரி ஸட்ஜமத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. அப்போ ஜிக்கு இறங்கும்போது ஒரு உரசல் வருமே, அதுதான் அழகா?

எடின்பரோ மழை:

அதேதான் அண்ணை. அந்த உரசலைத்தான் ஜி கார்டு காட்டித் தரும்.

இனி ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்பே ஆறு ஓடுற அகண்ட பள்ளத்தாக்கின்ரை பேர்தான் அது. ரீல் எண்ட வேகமான நடன மெட்டும் நாலு அடி, இதுவும் நாலு அடி. ஆனால் ரீல் ஓடும், ஸ்ட்ராத்ஸ்பே நிமிர்ந்து நடக்கும். புத்தகத்திலை பாத்தால் ஒரு சோடி நோட்டிலை முதலாவது நீளம் மற்றது குட்டை, அடுத்த சோடியிலை முதலாவது குட்டை மற்றது நீளம் எண்டு மாறி மாறி இருக்கும். குட்டை முதல் வாறதைத்தான் ஸ்காட்ஸ் ஸ்னாப் எண்டு சொல்லுறவை.

யாப்பு படிச்சிருந்தால் இது சின்ன விசயம். "ஆடு" எண்டு சொல்லுங்கோ: நெடில், குறில். "நிலா" எண்டு சொல்லுங்கோ: குறில், நெடில். "ஆடு நிலா, ஆடு நிலா" எண்டு வாயாலை சொல்லிக்கொண்டு கால் தட்டுங்கோ. "நிலா"விலை "நி"தான் தாளத்திலை விழவேணும், அதுவும் வெடுக்கெண்டு. நீங்கள் எல்லாத்தையும் "தக தக தக" எண்டு சமமா வாசிச்சிருப்பீங்கள், அதைத்தான் அந்தப் பெரியவர் சொன்னவர். ஆனால் எல்லாச் சோடியையும் "நிலா" ஆக்கிப்போடாதேங்கோ, புதுசா ஸ்னாப் கண்டுபிடிச்ச ஆக்கள் எல்லாரும் செய்யிற வேலை அது. தாளிலை எங்கை இருக்கோ அங்கை மட்டும்.

பைப்பிலை சத்தத்தை நிப்பாட்ட ஏலாது. ஒரே ஸ்வரத்தை ரெண்டு தரம் வாசிக்க நடுவிலை ஒரு பொடி ஸ்வரம் வெட்டினால்தான் பிரியும். தாளிலை நுள்ளான் மாதிரி இருக்கிற எழுத்துகள் எல்லாம் அதுதான். அக்கார்டியனிலை எல்லாத்தையும் வாசிக்கத் தேவையில்லை, விரலைத் தூக்கினாலே நோட்டுப் பிரியும். மேலையிருந்து ஒரு வெட்டு, அங்கங்கை மட்டும் போதும்.

டண்டீ துருத்தி:

அண்ணா, "ஆடு நிலா" சொல்லிக்கொண்டே பஸ்ஸில் கால் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

காற்றுப் பிரச்சினைக்கும் ஏதாவது சொல்லுங்களேன். இன்னொன்று: ஸ்காட்லாந்து அக்கார்டியன் வித்துவான் ஜிம்மி ஷாண்ட் மாதிரி பொத்தான் பெட்டிக்கு மாறினால்தான் அசல் சத்தம் வரும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

எடின்பரோ மழை:

ஷாண்ட் (1908–2000) வாசிச்சது மூண்டு வரிசைப் பொத்தான் பெட்டி: பி, சி, சி ஷார்ப். வலது கையிலை இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் வேற ஸ்வரம். இப்பதான் ஜி எங்கை எண்டு கண்டுபிடிச்சிருக்கிறீங்கள், அதுக்குள்ளை ஏன் இந்த வேலை? சில்லி விசார்ட் எண்ட ஸ்காட்லாந்து நாட்டார் இசைக் குழுவிலை இருந்த ஃபில் கன்னிங்ஹாம் வாசிக்கிறது உங்களட்டை இருக்கிற மாதிரிப் பியானோக் கட்டைப் பெட்டிதான். அவரைக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ.

காத்துக்கு: இடது மணிக்கட்டுப் பட்டி தொய்வா இருக்கோ பாருங்கோ. கை பட்டிக்குள்ளை ஆடினால் அரை இழுப்பு வீணாப் போகும். துருத்தியின்ரை கீழ்ப்பக்கம் இடது தொடையிலை இருக்கட்டும், மேல்பக்கம் விசிறி மாதிரி விரியட்டும். பிறகு, திருப்பிற இடத்தைக் காத்துத் தீரேக்க முடிவெடுக்காதேங்கோ. ட்யூன் எட்டு எட்டு பார் (நாலு அடி சேர்ந்த ஒரு தாளச் சுற்று), ஒவ்வொண்டும் ரெண்டு தரம், மொத்தம் 32. நாலு பார் முடிவிலை, அல்லது ரெண்டு பார் முடிவிலை, மூச்சு எடுக்கிற இடத்திலை பென்சிலாலை கோடு போடுங்கோ. ஒவ்வொரு தரமும் அதே கோட்டிலைதான் திருப்பவேணும். சத்தம் கூட்ட விரலை அமத்திப் பிரயோசனம் இல்லை, சத்தம் துருத்தியிலைதான் இருக்கு. நீங்கள் பயத்திலை அளவுக்கு மிஞ்சி இழுக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன்.

செஷனிலை கிட்டாரோ பியானோவோ இருந்தால் இடது கையைச் சும்மா விடுங்கோ. பாதிக் காத்து அங்கையே மிஞ்சும். அதோடை உங்கட ஈ செவன்த் ஒருத்தருக்கும் கேக்காது :)

ரீடு வைத்தியர்:

மதுரையில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன். அக்கார்டியனும் எப்போதாவது வரும். சத்தம் அலை அடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள், அதை யாரும் தொடவில்லை.

வலது பக்கம் சுவிட்சுகளில் வட்டத்துக்குள் புள்ளிகள் இருக்கும். நடு வரியில் ரெண்டு மூணு புள்ளி இருந்தால், ஒரே ஸ்வரத்துக்கு ரெண்டு மூணு ரீடு (சத்தம் எழுப்பும் உலோக நாக்கு), வேண்டுமென்றே மயிரிழை தள்ளி வைத்துச் சுருதி கூட்டியது. அந்த வித்தியாசம்தான் அலை. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்த அலை கொஞ்சம் அகலமாகவே பிடிக்கும். நடுவில் ஒரே புள்ளி உள்ள சுவிட்சைப் போட்டு ஒவ்வொரு கட்டையையும் இழுத்தும் தள்ளியும் டியூனர் ஆப்பில் பாருங்கள். அலை நின்றுவிட்டால் பெட்டி நல்ல பெட்டி.

டண்டீ துருத்தி:

மூணு வாரம் கழித்து வருகிறேன்.

ஜியைச் சரிபண்ணி, ஏ–ஜி தாவலை மட்டும் ஒரு வாரம் செய்தேன். தினம் இருபது நிமிஷம், ரொம்பச் சலிப்பு. அப்புறம் வலது கையைச் சேர்த்த அன்றைக்கு அந்த ட்யூன் முதல் தடவையாக அந்த ட்யூனாகக் கேட்டது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். பென்சில் கோடு மந்திரம் மாதிரி வேலை செய்கிறது, 32 பாரும் காற்று தீராமல் ஓடுகிறது. ஸ்னாப் மட்டும் இடது கை சேர்ந்ததும் மழுங்கிப் போகிறது.

ஐயா சொன்ன சோதனையும் பண்ணினேன். ஒற்றைப் புள்ளியில் அலை இல்லை. ஆனால் நடு சி ஷார்ப் மட்டும் இழுக்கும்போது 15 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்து, கரகர என்கிறது. தள்ளும்போது சரியாக இருக்கிறது. ஏ ட்யூனில் சி ஷார்ப் இல்லாமல் என்ன பண்ணுவது?

எடின்பரோ மழை:

இடது கையை "நிலா"வோடை சேத்து வெட்டப் பாக்கிறீங்கள் போலை. அதை விடுங்கோ. இடது கை நாலு அடியையும் மணிக்கூடு மாதிரி நேரா வைக்கவேணும்: பேஸ், கார்டு, பேஸ், கார்டு. வலது கை மட்டும்தான் நொண்டும். பேஸை நீட்டிப் பிடிக்காமல் சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி எடுங்கோ.

ரீடு வைத்தியர்:

இழுப்புக்கு ஒரு ரீடு, தள்ளலுக்கு ஒரு ரீடு, ரெண்டும் ஒரே தகட்டில் முன்னும் பின்னுமாக இருக்கும். ஒரு திசையில் மட்டும் கோளாறு என்றால் அந்த ஒரு நாக்குதான், மற்றதைத் தொட வேண்டாம். பெரும்பாலும் தூசி, இல்லையென்றால் துரு. சில சமயம் காற்றை மறிக்கிற தோல் வால்வு சுருண்டிருக்கும்.

வீடியோ பார்த்துச் சுரண்டப் போகாதீர்கள். நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒரு இழுப்பு அதிகமானால் திரும்ப ஒட்ட முடியாது. தூசியா என்று பார்க்க மட்டும் திறக்கலாம். துருத்தியைப் பெட்டியோடு பிடித்திருக்கிற ஊசிகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுங்கள். எது எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள், மாறிப் போனால் இறுக்கம் போய்க் காற்று கசியும். உள்ளே ஊதவேண்டாம், எச்சில் ஈரம் துருவை வளர்க்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தட்டு. அதற்கும் சரியாகவில்லை என்றால் மூடிவிட்டு, அக்கார்டியன் பழுது பார்க்கிறவரிடம் கொண்டு போங்கள்.

டண்டீ துருத்தி:

தூசிதான் ஐயா! சின்ன நூல் துணுக்கு ஒன்று நாக்கில் சிக்கியிருந்தது. சி ஷார்ப் இப்போ இழுப்பிலும் சரியாக நிற்கிறது. ஊசி மட்டும் ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டு போய், அதைத் தேடத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு.