சிங்கப்பூர் – நியூயார்க்: 17 மணி நேரம்தானே வர வேண்டும்?

தேக்கா_வாசி:
அம்மாவை நியூயார்க்கில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்ப டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாகப் போகிறார், அதனால் நடுவில் எங்கும் இறங்காத விமானம்தான் வேண்டும். தூரம் 15,349 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 17 மணி நேரம்தானே? டிக்கெட்டில் பதினெட்டே முக்கால் காட்டுகிறது. அது போக, இரவு 11.35க்குக் கிளம்பி மறுநாள் விடியற்காலையிலேயே இறங்கிவிடுகிறதாம். கணக்கு எங்கே உதைக்கிறது?

உலக_உருண்டை:
15,349 என்பது உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74, அதாவது தீர்க்கரேகைக் கணக்கில் பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். ஆகவே அந்த நூல் வட துருவத்தை ஒட்டியே போகும். ஆனால் விமானம் அப்படிப் போவது அபூர்வம். ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து, அமெரிக்காவுக்குள் நுழையும். தூரம் கூடினாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் பின்னால் இருந்து தள்ளும். வேடிக்கை என்னவென்றால் திரும்பி வரும்போதும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியேதான், அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக. போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியாகிவிடும்! அப்புறம், டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி.

ஜன்னல்_சீட்:
விடியற்காலைக் கணக்கு எளிது, இரண்டு ஊருக்கும் 13 மணி நேர வித்தியாசம் (அங்கே கோடையில் 12). நான் திங்கள் இரவு ஏறினேன். ஜப்பான் தாண்டும்போது செவ்வாய் விடிந்தது, தேதிக்கோட்டைக் கடந்ததும் மறுபடி திங்கள், கொஞ்ச நேரத்தில் அந்தத் திங்களும் அஸ்தமித்தது, இறங்கும்போது இரண்டாவது தடவையாகச் செவ்வாய் விடியப்போகிறது. எந்த வேளைச் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்றே தெரியவில்லை.

தேக்கா_வாசி:
நன்றி, இப்போது புரிகிறது. அம்மாவுக்கு 66 வயது, அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்பதுதான் கவலை. எகானமியில் சீட்டும் காணோம்?

ஜன்னல்_சீட்:
எகானமியே கிடையாது. இதற்கென்றே எரிபொருள் கூடப் பிடிக்கும்படி செய்த ஏர்பஸ் ஏ350 அது, 161 சீட்தான், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. காசு ஏறும். ஆனால் கால் நீட்ட இடம் பரவாயில்லை. நடைபாதை ஓரச் சீட் போட்டுவிடுங்கள், இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து நடக்கட்டும், கால் வீங்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உலக_உருண்டை:
எகானமிதான் வேண்டுமென்றால் பிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் இருக்கிறது. அங்கே எல்லாரையும் இறக்கி மறுபடி சோதனை செய்து ஏற்றுவார்கள், மொத்தத்தில் நேரமும் கூடும். தனியாகப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நேரடியே போடுங்கள், வீல்சேரும் சேர்த்துக் கேளுங்கள், நடக்க முடிந்தாலும்தான். குடியேற்ற வரிசையில் கூடவே ஓர் ஆள் வருவார்.