எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணவில்லை: அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கிப் போடலாமா?

வடிவு:
வணக்கம். விண்டோஸ் 10, 64 பிட். பழைய பில்லிங் மென்பொருள் ஒன்றைத் திறந்தால், எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லாததால் தொடர முடியவில்லை, மென்பொருளை மீண்டும் நிறுவிப் பாருங்கள் என்று செய்தி வருகிறது. நிறுவியும் அதே செய்திதான். தேடினால் அந்தக் கோப்பை மட்டும் இலவசமாகத் தரும் தளங்கள் நிறைய வருகின்றன. இறக்கி, விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையான சிஸ்டம்32-இல் போடலாமா?

பழுதுநீக்கி:
தாராளமா போடுங்க சகோ. ஒரு கோப்பு இல்லேன்னு கேக்குது, அதைக் குடுத்தா முடிஞ்சுது. நான் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கவுன்டர்ல ஆள் நிக்குது, பில் போடணும்னு ஓடி வர்றவங்களுக்கு வேலை நடக்கணும், விளக்கம் வேண்டாம். ஒட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

நிரல்மொழி:
வடிவு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ கொண்டு எழுதிய மென்பொருள்கள் இயங்கும்போது பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகள் அடங்கிய ரன்டைம் தொகுப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் சொல்லும் கோப்பு அதில் ஓர் உறுப்பு, அவ்வளவுதான். மென்பொருளை உருவாக்கியவர் அந்தத் தொகுப்பைத் தன் இன்ஸ்டாலரோடு சேர்க்காமல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் வராது.

பெயரில் உள்ள எண்ணைப் பாருங்கள். 140 என்றால், விஷுவல் சி++ அடங்கிய கருவியான விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் 2022 வரைக்கும் பொதுவான தொகுப்பு. 120 என்றிருந்தால் 2013, 100 என்றிருந்தால் 2010. அவை தனித் தொகுப்புகள். இந்தத் தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே "விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் நிறுவுங்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் பழைய பில்லிங் மென்பொருள் 32 பிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எக்ஸ்86 தொகுப்புதான் வேண்டும்.

பழுதுநீக்கி:
சொல்றது நல்லாத்தான் இருக்கு நண்பரே. அந்த இன்ஸ்டாலரே பாதியில நின்னு, "ஏற்கெனவே வேற பதிப்பு இருக்கு"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அட்மின் பாஸ்வேர்டு தெரியாத ஆபீஸ் மெஷின்னா? மென்பொருள் எழுதின கம்பெனியே இப்ப இல்லேன்னா? புத்தகத்துல இருக்கற வழி எல்லா மெஷின்லயும் நடக்காது. ஒட்டறது நடக்குது.

நிரல்மொழி:
ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வேறு பதிப்பு இருக்கிறது என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் நிறுவ முயல்வதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் பொருள். கண்ட்ரோல் பேனலில் அந்தப் பதிவைத் தேர்ந்து ரிப்பேர் கொடுத்தால் பல சமயம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் அதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாம். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் சிஸ்டம்32-லும் எழுத முடியாது, ஆகவே அந்தக் காரணம் உங்கள் வழிக்கும் சேர்த்தே பொருந்தும்.

ஒட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட்டுக்கானவை சிஸ்வாவ்64-இல் இருக்கின்றன. பெயரைப் பார்த்துத்தான் பலரும் மாற்றிப் போடுகிறார்கள். 32 பிட் நிரல் சிஸ்டம்32-ஐத் தேடினாலும் விண்டோஸ் அதைச் சிஸ்வாவ்64-க்குத்தான் திருப்பிவிடும். எனவே நீங்கள் போட்ட 32 பிட் கோப்பு அதன் கண்ணில் படாது. அதே பெயரைத் தேடும் இன்னொரு 64 பிட் நிரல் அந்தக் கோப்பை எடுத்து, 0எக்ஸ்சி000007பி என்ற பிழையோடு விழும். கடைக்கு வரும்போது இருந்தது ஒரு கோளாறு, போகும்போது இரண்டு.

அடுத்தது பதிப்பு. ஒரே பெயரில் 2015-இலும் 2022-இலும் கோப்பு உண்டு, உள்ளே இருப்பது வேறு. உருவாக்கப் பயன்பட்ட பதிப்பு அல்லது அதைவிடப் புதியதுதான் நிரலுக்கு ஒத்துவரும். பழையதைப் போட்டால் கோப்பு கிடைக்கும், அதில் தேவையான செயற்கூறு இருக்காது. "புரசீஜர் என்ட்ரி பாயின்ட் கிடைக்கவில்லை" என்று வரும் செய்தி அதுதான். தவிர எம்எஸ்விசிபி140 தனியாக நிற்காது, அதே தொகுப்பின் இன்னொரு கோப்பான விசிரன்டைம்140-ஐத் தேடும். 64 பிட் என்றால் விசிரன்டைம்140_1-உம் தேவைப்படலாம். ஒன்றை ஒட்டியதும் அடுத்தது இல்லை என்று கேட்பது இதனால்தான்.

என் பெரிய கவலை கோப்பு எங்கிருந்து வந்தது என்பது. டிஎல்எல் என்பது மற்ற மென்பொருள்கள் ஏற்றி இயக்கும் நிரல்குறியீடு. யாரோ முகம் தெரியாதவர் ஏற்றிய கோப்பை அட்மின் உரிமையோடு சிஸ்டம் கோப்புறையில் வைக்கிறோம், கஸ்டமர் அதே மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்.

பழுதுநீக்கி:
கடைசியா சொன்னதை ஏத்துக்கறேன், தளத்துல இருந்து எடுக்கறது ஆபத்துதான். ஆனா ஒட்டறதே தப்புன்னு சொல்லாதீங்க. நல்லா ஓடற இன்னொரு மெஷின்ல இருந்து எடுத்து, சிஸ்டம்32-க்குப் போகாம, மென்பொருளோட சொந்த ஃபோல்டர்லயே வச்சா? மென்பொருளைத் தொடங்கற எக்ஸி கோப்பு இருக்கற இடத்தைத்தானே முதல்ல பாக்குது?

நிரல்மொழி:
ஆமாம், சாதாரணமாக முதலில் தேடுவது அந்தக் கோப்புறையைத்தான். மென்பொருள் தயாரிப்பாளர்கள் ரன்டைம் கோப்புகளை அப்படி வைக்க மைக்ரோசாஃப்டும் அனுமதிக்கிறது. கெடுதல் அந்த ஒரு மென்பொருளோடு நின்றுவிடும் என்பதால் சிஸ்டம்32-ஐவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ரன்டைமில் பாதுகாப்புத் திருத்தம் வந்து தொகுப்பைப் புதுப்பித்தாலும், ஃபோல்டரில் நீங்கள் வைத்த பிரதி பழையதாகவே கிடக்கும். வைத்தவரே மறந்துவிடுவார். கம்பெனி இல்லாமல் போன மென்பொருளுக்குக் கடைசி வழியாக ஒப்புக்கொள்கிறேன். முதல் வழியாக ஒருநாளும் இல்லை.

பெங்குவின்_தாசன்:
லினக்ஸுக்கு வாருங்கள். அங்கே மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளை தேவையானதை எல்லாம் தானே இழுத்து வந்துவிடும், இந்தச் சண்டையே இருக்காது.

கயல்:
அப்படிச் சொல்லிவிட முடியாது தோழர். லினக்ஸ் வகையான உபுண்டுவின் 22.04 பதிப்பு வந்தபோது, ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் கோப்பான லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை என்று எத்தனை மென்பொருள்கள் நின்றன! அதில் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 3. உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வந்த பழைய நிரல்கள் 1.1-ஐத்தான் கேட்டன. உடனே பலரும் புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (குறுக்கு இணைப்பு) போட்டார்கள். பெயரைக் கண்டதும் நூலகங்களை ஏற்றும் லோடர் திறந்துவிடும், திறந்ததும் "ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 பதிப்பு இல்லை" என்று நிறுத்திவிடும். கோப்பின் பெயரில் 1.1 இருப்பதே இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்று சொல்லத்தான். 20.04-இன் பழைய தொகுப்பை இழுத்து நிறுவினால் ஓடும். ஆனால் 1.1.1-க்கான பொது ஆதரவை ஓபன்எஸ்எஸ்எல் திட்டம் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இணையத்தோடு பேசும் நிரலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் எல்டிடி கட்டளை கொடுத்து எந்தெந்த நூலகம் "நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது எனப் பாருங்கள், பிறகு நிரலின் புதிய பதிப்பைத் தேடுங்கள்.

பெங்குவின்_தாசன்:
களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் பயன்படுத்தினால் வராது என்ற அளவுக்கு என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

வடிவு:
எக்ஸ்64 தொகுப்பு ஏற்கெனவே இருந்தது, எக்ஸ்86 இல்லை. நிறுவினேன், பில்லிங் திறந்துவிட்டது. மிக்க நன்றி. அதே கணினியில் தம்பியின் பழைய விளையாட்டு ஒன்று டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் கேட்கிறது. அதுவும் இதே தொகுப்பா?

பழுதுநீக்கி:
அது வேற சகோ, டைரக்ட்எக்ஸ். விண்டோஸ் 10-ல டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இந்தப் பழைய கோப்பு அதோட வராது. 2010 ஜூன்ல வந்த டைரக்ட்எக்ஸ் ரன்டைமை மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து எடுத்துப் போடுங்க, புதுசைக் கெடுக்காது. நிரல்மொழி, பாத்தீங்களா, இதுக்கு நானே ஒட்டச் சொல்லல. ஆனா கம்பெனி மூடின மென்பொருளுக்கு ஃபோல்டர்ல வைக்கிறதை நான் விடமாட்டேன். அதை நம்பித்தான் பல கடையில கணக்கு ஓடுது.

நிரல்மொழி:
வைக்கும் முன் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் தாவலைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.