‘கோர்ஸ்’ என்பதற்குத் ‘தடம்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

வரைபடம் பார்த்துக் காட்டில் வழி தேடி ஓடும் ஓரியண்டியரிங் விளையாட்டின் உலகப் போட்டி பற்றி ஒரு விளையாட்டு இதழுக்கு நான்கு பக்கம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போட்டி வகைகளில் சிக்கல் இல்லை. 1966-இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸில் தொடங்கியபோது தனிநபர் ஓட்டம், தொடரோட்டம் இரண்டுதான் இருந்தன. இப்போதுள்ளவற்றை நெடுந்தொலைவு, இடைத்தொலைவு, விரைவோட்டம் என்று எழுதிவிட்டேன். ‘கோர்ஸ்’, ‘கன்ட்ரோல்’, ‘லெக்’ இந்த மூன்றில்தான் மாட்டிக்கொண்டேன்.

வரைபடத்தில் ஊதா நிற முக்கோணம் இருக்கும். அங்கிருந்து புறப்பட வேண்டும். அப்புறம் எண்ணிட்ட வட்டங்கள், கடைசியில் இரட்டை வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் நடுப்புள்ளியிலும் காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணி தொங்கும்; அதுதான் ‘கன்ட்ரோல்’. வரிசை மாறாமல் எல்லாவற்றுக்கும் போய் வர வேண்டும். இடையில் மேட்டில் ஏறிக் கடப்பதா, சுற்றிப் போவதா என்பது ஓடுபவர் விருப்பம். இந்த வரிசைதான் ‘கோர்ஸ்’. ‘தடம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

———

தம்பி, தடம் வேண்டாம். முன்னே போனவர் கால்பட்டுக் கிடப்பதுதான் தடம். நீங்கள் சொல்லும் காட்டில் அது இல்லையே.

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை நம்மிடம் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்பது வரை கூத்தருக்குச் சொல்லப்படுகிறது. விளையாட்டுக்கு ‘ஆறுதேர் ஓட்டம்’ என்றும், கோர்ஸுக்கு ‘நிரல்’ என்றும் வைக்கலாம்.

இன்னொன்று. ஓரியண்ட் என்பதன் இலத்தீன் வேர் எழுதலைக் குறிக்கும். ஞாயிறு எழும் திசை. நமக்கோ நிலம் கீழே சரியும் பக்கம் கிழக்கு, உயரும் பக்கம் மேற்கு. அவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் மண்ணைப் பார்த்து வைத்தோம். சம உயரக்கோடு பார்த்து ஓடும் விளையாட்டுக்கு நம் சொல்லே பொருத்தம் என்பேன்.

———

ஐயா, கிழக்கு பற்றிய குறிப்பைப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ஆற்றுப்படையில் வழி சொல்ல ஓர் ஆள் உண்டு. பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்வதுதான் அதன் இலக்கணம். இங்கே ஒருவரும் வழி சொல்லமாட்டார்; சொன்னால் விதிமீறல். ‘நிரல்’ ஏற்கெனவே கணினிக்குப் போய்விட்டது.

‘லெக்’குக்கு ஒரு சொல் போதாது. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம் வரையும் லெக், அஞ்சலோட்டத்தில் ஒருவர் ஓடும் பங்கும் லெக். (தொடரோட்டத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் அஞ்சலோட்டம் என்றுதான் படிப்பிக்கிறோம்.) 2014-இல் சேர்ந்த விரைவு அஞ்சலோட்டத்தில் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், முதலும் கடைசியும் பெண்கள் ஓடுவர். அந்தப் பங்கு ‘சுற்று’ ஆகாது. 2022-இல் டென்மார்க்கில் வந்த நாக் அவுட் விரைவோட்டத்தில் 36 பேர் 18 ஆகி, 6 ஆகிறார்களே, அங்கே சுற்று வேண்டும். ஆளின் பங்குக்கு ‘கட்டம்’, வட்டங்களுக்கு நடுவே ‘இடைவழி’ என்று வைப்போம்.

———

நன்றி அக்கா, கட்டமும் இடைவழியும் எடுத்துக்கொண்டேன்.

தடத்தை விட்டுவிட்டேன். ஐயா சொன்ன காரணம் பெரிது. வேலையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தொடரோட்டத்தில் எல்லா அணியும் ஒன்றாகப் புறப்படும். முன்னால் ஓடுபவரை ஒட்டிப் போகாமலிருக்க, ஆளுக்கு ஆள் சில கொடிகளை மாற்றிவைப்பார்கள். அணியாகக் கூட்டினால் எல்லா அணிக்கும் அதே இடைவழிகள். அதனால் கொடி கண்ணில் பட்டாலும், அதிலுள்ள எண்ணைத் தன் தாளோடு ஒப்பிட வேண்டும். எண்கள் 31-இலிருந்து தொடங்கும். தன் தாளில் 47, கொடியில் 46 என்றால் அது பக்கத்து ஆளுடையது. ‘தடம்’ என்று படிக்கும் வாசகருக்கு இது எப்படிப் புரியும்?

‘கன்ட்ரோல்’ என்பதற்குக் ‘கட்டுப்பாடு’ கூடவே கூடாது, ‘சாவடி’ என்றால் சுங்கம்தான் நினைவுக்கு வரும். ஆகவே கன்ட்ரோல் ‘கொடி’, கோர்ஸ் ‘கொடிவரிசை’. இதுவரை ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். விளையாட்டின் பெயர் ஓரியண்டியரிங் என்றே இருக்கட்டும்.

———

தம்பி, ‘கொடிவரிசை’ ஊர்வலத்துக்குப் பொருந்தும். காட்டுக்குள் கொடி என்றால் மரத்தில் படர்வது என்றுதான் என் காதில் விழுகிறது. ‘வீராங்கனை கொடியைத் தேடிப் புதருக்குள் நுழைந்தார்’ என்று உங்கள் கட்டுரையில் வரும். வாசகர் எதை நினைப்பார்? தவிர, துணி காற்றில் விழுந்துவிட்டாலும் கன்ட்ரோல் அங்கேதான் இருக்கும். அது இடத்தின் பெயர். ‘நிலை’ என்று வையுங்கள், ‘நிலைவரிசை’ தானே வரும்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகட்டும், தடுக்கமாட்டேன். கலைச்சொல் பட்டியலில் மட்டும் என் சொல்லையும் பக்கத்தில் ஏற்றிவையுங்கள்.