படம் எடுக்கமுன் கொடியில் காயும் உடுப்பை அகற்றலாமா? கொழும்பின் அறுபதுகளின் வீடுகள்

நிழற்கோடு:
வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை, ஏறத்தாழ 1950க்கும் 1975க்கும் இடையில் எழுந்த வீடுகளைப் படமெடுத்து வருகிறேன். தட்டைக் கூரை, நடுவில் பள்ளமாக இறங்கும் கூரை, முகப்பில் துளை வைத்த சீமெந்துக் கல், சிறுகற்கள் பதித்து மெருகிட்ட டெரசோ நிலம், சரிந்து நிற்கும் தூண். அந்தக் காலத்தில் ‘அமெரிக்கன் ஸ்டைல்’ என்று சொன்ன வீடுகள். போன கிழமை சிலவற்றை இங்கே போட்டிருந்தேன். கொடியில் காயும் உடுப்பையும் காஸ் சிலிண்டரையும் பிளாஸ்டிக் கதிரையையும் அகற்றிவிட்டு எடுத்தால் அது அந்த வீட்டின் படமே இல்லை என்று பாமன்கடை சுபா அக்கா பதில் எழுதினார். அதைத் தனியாகக் கதைக்க வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கட்டியவர் என்ன நினைத்துக் கட்டினார் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் என் முதல் வேலை. ஒரு படிக்கட்டு சுவரைத் தொடாமல் தொங்கி நிற்கிறது என்றால், அதன் கீழே அடுக்கிய அட்டைப்பெட்டிகள் அந்த யோசனையையே மூடிவிடுகின்றன. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெட்டியை நகர்த்துவேன், படம் எடுப்பேன், பழைய இடத்திலேயே வைப்பேன். கணினியில் எதையும் அழிப்பதில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸில் கட்டடப் படப்பிடிப்பாளர் ஜூலியஸ் ஷுல்மன் 1960இல் எடுத்த படம் பலருக்கும் தெரிந்திருக்கும். கட்டடக் கலைஞர் பியர் கோனிக் வரைந்த வீடு. மலைவிளிம்பில் கண்ணாடி அறை, உள்ளே இரண்டு பெண்கள், கீழே நகரத்தின் விளக்குகள். அப்போது வீட்டு வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை, தளபாடம் இரவல். நகர வெளிச்சத்துக்காக ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, பிறகு அறைக்குள் பிளாஷ் அடித்து ஒரே பிலிமில் எடுத்தார். முழுக்க முழுக்க ஏற்பாடுதான். ஆனால் உலகம் அந்த வீட்டை அறிந்தது அந்தப் படத்தால். நம் தெருக்களில் ஒரு வீட்டுக்காவது அப்படி ஒரு படம் இருந்திருந்தால், அதை இடிக்கக் கை ஓங்கியவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

பாமன்கடை சுபா:
தம்பி, ஷுல்மன் எடுத்தது ஒருவரும் குடியேறாத வீடு. நீங்கள் எடுப்பது அறுபது வருடம் ஆட்கள் பிறந்து, கலியாணம் செய்து, செத்துப்போன வீடு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் சரிவராது.

யன்னல் கிறிலையே எடுங்கள். எங்கள் வீட்டின் முன்பக்கம் கட்டியபோது திறந்த விறாந்தை. கிறில் இல்லை, உயர்ந்த மதில் இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் ஐயா சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசிப்பது தெரியும். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகுதான் கிறில் வந்தது, மதில் உயர்ந்தது, கேற்றுக்கு இரும்புத் தகடு அடித்தோம். உங்கள் படத்தில் அந்தக் கிறில் தெரியாதபடி பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறீர்கள். கணினியில் அழிக்கவில்லைதான், ஆனால் பார்க்கிறவருக்கு அது இல்லாமலே போய்விட்டது. வரைந்தவரின் யோசனை வந்துவிட்டது. அந்த யோசனைக்கு இந்த ஊரில் என்ன நடந்தது என்பது வரவில்லை.

83இல் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடு எரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டோடு அல்பமும் போனது. பிறந்த வீட்டின் ஒரு படம்கூட இல்லாதவர்கள் டொரோண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது தொங்கும் படிக்கட்டை இல்லை. குசினி எந்தப் பக்கம், சாமியறையில் படங்கள் எப்படி மாட்டியிருந்தன, கிணற்றடி எங்கே என்பதைத்தான்.

கல்வீடு:
இரண்டு பேருக்கும் நடுவில் வீட்டுச் சொந்தக்காரனாக நான் ஒன்று சொல்கிறேன். தட்டைக் கூரை வீட்டில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும், மே மாதம் மழை தொடங்கினால் எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்று. ஒவ்வொரு வருடமும் நீர்த்தடுப்புப் பூச வேண்டும். கொங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, சீலிங் துண்டு துண்டாக விழுகிறது. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் இது இன்னும் கெதியாக நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். காணி பேர்ச் கணக்கில் விலை போகிறது. விற்றுத் தொடர்மாடிக்குக் கொடுத்தால் எனக்கு ஒரு பிளட்டாவது மிஞ்சும். இதில் படம் எடுக்க வருகிறவர் ‘ஐயோ, இடிக்கப் போகிறீர்களா’ என்ற முகத்தோடு வந்தால் எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, விலாசம். சுபா 83 பற்றிச் சொன்னார். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்த காலம் அது. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டியிருந்தது. அப்படி வாழ்ந்தவர்களின் வீட்டு உட்புறத்தை, குறுக்குத் தெருப் பெயரும் இலக்கமும் போட்டு இணையத்தில் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். எவ்வளவு அழகாக எடுத்தாலும் சரி.

மூன்றாம் குறுக்கு:
நான் கட்டடப் படவரைஞனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். உடுப்புக் கொடியைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீர்கள். லென்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை 17 மில்லிமீற்றர் லென்ஸில் எடுத்தால் அது மண்டபம்போலத் தெரியும். அந்த வீடுகளின் சாமர்த்தியமே சின்னக் காணியில் சின்ன அறைகளை வைத்து மூச்சு விட வைத்ததுதான். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கண்ணாடியும் இரும்பும் தட்டுப்பாடான நேரத்தில் கட்டியவை பல. படம் அறையைப் பெரிதாக்கினால் அந்தச் சாமர்த்தியம் காணாமல் போகிறது. தம்பி டில்ட்-ஷிப்ட் லென்ஸ் வைத்துச் செங்குத்துக் கோடுகளை நேராக வைக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அளவுகோல் தடி ஒன்று ஒரு படத்திலாவது சுவரோரம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1933இலிருந்து நடக்கும் வரலாற்றுக் கட்டடப் பதிவுத் திட்டத்தில் அளந்த வரைபடம், பெரிய பிலிம் படம், எழுத்துக் குறிப்பு மூன்றும் சேர்ந்தே காங்கிரஸ் நூலகத்துக்குப் போகின்றன. படம் தனியே போவதில்லை.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. அல்பிரட் பிளேஸில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. தெருவுக்கு முதுகைக் காட்டி, நடுமுற்றத்தைச் சுற்றித் திரும்பிய வீடு. காணி கைமாறியபோது அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் தோட்டமான லுணுகங்கவில் திரும்பக் கட்டினார்கள். 2016இல் திறந்தார்கள். அழகான படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு வேலையைச் செய்ய முடியாது. எந்த மரம் எந்த மரத்தில் பொருந்துகிறது என்று அளந்து வரைந்ததால்தான் முடிந்தது.

இன்னொன்று. பாவாவின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருடைய தொழில் பங்காளியாக இருந்த பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரத்தின் பெயரை நம் ஆட்களிலேயே எத்தனை பேர் சொல்கிறார்கள்? வளையைத் தாங்குவது எது, தூணின் கனம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்களின் வேலை படத்தில் தெரியாது. அதைத் தலைப்புக் குறிப்பில் எழுத வேண்டும். கட்டடக் கலைஞர், பொறியியலாளர், தெரிந்தால் மேசன், தச்சன் எல்லார் பெயரும்.

நிழற்கோடு:
ஐயா, அளவுகோல் தடியை ஏற்றுக்கொள்கிறேன். லென்ஸ் விஷயத்தில் ஒரு சிக்கல். வெள்ளவத்தைக் குறுக்குத் தெருவில் எதிர்மதிலோடு முதுகை ஒட்டி நின்றாலும் முகப்பு முழுதும் 24 மில்லிமீற்றரில் அடங்காது. 17 இல்லாமல் சில வீடுகளை எடுக்கவே முடியாது. உள்ளறைகளில் வேண்டுமானால் 35க்குக் கீழே போகாமல், ஒரு மூலையை மட்டும் எடுக்கிறேன்.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘சோடித்த படம்’ என்று சொல்கிறவர்கள் இதை நினைப்பதில்லை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஆகவே வீடுகள் வடக்கு அல்லது தெற்குப் பார்த்தவை. கொழும்பில் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக இருப்பது ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை மட்டும். அதில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழை. வடக்குப் பார்த்த முகப்பில் துளைக்கற்களின் நிழல் சரியாக விழும் காலைக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நிழலைத்தான் வரைந்தவர் கணக்குப் போட்டு வைத்தார். அதைக் காட்டுகிற படத்தைச் சோடித்த படம் என்று சொல்லாதீர்கள்.

சுபா அக்கா, கிறிலை மறைக்கப் பக்கவாட்டில் நிற்கவில்லை. முன்னால் ஒரு வான் நிறுத்தியிருந்தது. ஆனாலும் என் நிலைப்பாட்டை மாற்றமாட்டேன்: ஒரு வீட்டுக்கு ஒரு படமாவது, வரைந்தவர் நினைத்த வீடாக இருக்க வேண்டும். இந்தப் படங்கள் இல்லாவிட்டால் இந்த வீடுகளை யாரும் கட்டடக்கலை என்றே மதிக்க மாட்டார்கள். மினெட் டி சில்வாவையே பாருங்கள். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியில் கருணாரத்ன வீடு, இங்கே அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் பீரிஸ் வீடு என்று, முற்றமும் கொங்கிரீட் தூணும் சேர்ந்த வீடுகளைப் பாவாவுக்கு முன்பே கட்டியவர். பாவாவின் வீடுகளை உலகத்தின் நல்ல கமராக்கள் எல்லாம் எடுத்தன. மினெட்டின் வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1998இல் அவர் இறந்தபோது அவரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கட்டடக் கலைஞர் வலன்டைன் குணசேகர கொங்கிரீட்டைத் துணிந்து வளைத்தவர். அவருக்கும் இதே கதி. நல்ல படம் கிடைக்காத வீடு வரலாற்றுக்குள் வருவதில்லை.

பாமன்கடை சுபா:
வான் நின்றிருந்தால் இன்னொரு நாள் போயிருக்கலாம் தம்பி. நிழலுக்காகக் காத்திருக்கிற நீங்கள் கிறிலுக்காகவும் காத்திருக்கலாம்.

மினெட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதே வாதத்தை ஒரு படி கீழே கொண்டு வாருங்கள். பாமன்கடையில், தெஹிவளையில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் ‘அமெரிக்கன் ஸ்டைல்’ வீடுகளில் முக்கால்வாசிக்குக் கட்டடக் கலைஞரே கிடையாது. ஒரு படவரைஞரும் ஒரு மேசனும், வேறு தெருவில் பார்த்த வீடும், சில நேரம் ஒரு சஞ்சிகைப் படமும்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்த எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் கட்டிய வீடுகள். அங்கே ‘வரைந்தவர் நினைத்த வீடு’ எது? குடியிருந்தவர்தான் நினைத்தார். முன் விறாந்தையை மூடி மகளுக்கு அறை போட்டதும் அவர்தான், மேலே மாடி எழுப்பி வாடகைக்கு விட்டதும் அவர்தான். அந்த மாற்றங்களும் வடிவமைப்பு. கொடியை அகற்றினால் வடிவமைத்தவரையே அகற்றுகிறீர்கள்.

மூன்றாம் குறுக்கு:
சுபா சொல்வது என் தொழிலுக்கு நேரே படுகிறது. நாங்கள் வரைந்த வீடுகள் அவை. ஒன்றிலும் எங்கள் பெயர் இல்லை. வீட்டுக்காரர் வந்து, அந்த வீட்டைப்போல வேண்டும், ஆனால் சாமியறை கிழக்குப் பார்க்க வேண்டும் என்பார். நவீன முகப்பும் வாஸ்துவும் ஒரே தாளில் பொருந்த வேண்டும். பள்ளக் கூரையின் தண்ணீர் எந்தப் பக்கம் விழலாம் என்பதற்கே அரை நாள் வாக்குவாதம் நடக்கும். அந்தப் பொருத்தம் முகப்புப் படத்தில் தெரியாது, தரைப்படத்தில் தெரியும். தம்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் கையால் என்றாலும் ஒரு தரைப்படம் போட்டு, எந்த இடத்தில் நின்று எந்தப் பக்கம் பார்த்து எடுத்தீர்கள் என்று அம்புக்குறி வையுங்கள். நாடாவைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

கல்வீடு:
சட்டம் காப்பாற்றும் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமையை நூறு ஆண்டுக் கணக்கில்தான் பார்க்கிறது. 1962இல் கட்டிய வீடு அதற்குள் வர இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். கூரை அதுவரை தாங்காது. ஆகவே படம்தான் மிஞ்சும் என்றால், எடுங்கள். என் வீட்டையும் எடுக்கலாம், கொடியோடும் எடுக்கலாம், கொடியில்லாமலும் எடுக்கலாம். விலாசம் போடக் கூடாது, அவ்வளவுதான்.

நிழற்கோடு:
விலாசம் இல்லாவிட்டால் பதிவுக்குப் பாதிப் பெறுமதி போய்விடும், அண்ணா. ஐம்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறவருக்கு அது எந்தத் தெரு என்றே தெரியாது. தெருவின் பெயரை மட்டும் வெளியில் போட்டு, இலக்கத்தைப் பூட்டிய கோப்பில் வைக்கலாமா? வீடு இடிந்த பிறகு இலக்கத்தைத் திறக்கலாம்.

சுபா அக்காவுக்கு: இனி ஒவ்வொரு வீட்டையும் இரண்டு முறை எடுக்கிறேன். போய் இறங்கியவுடன் ஒன்றையும் தொடாமல் எல்லா அறையும், குசினியும் கிணற்றடியும் உட்பட. பிறகு என் விதத்தில். கண்காட்சி வைத்தால் சுவரில் போகப்போவது இரண்டாவதுதான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாமன்கடை சுபா:
சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டாவிட்டால், முதல் தொகுதி கோப்புக்குள்ளேயே கிடந்து செத்துவிடும். இதில் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்வீடு:
இலக்கம் பூட்டிய கோப்பில் என்றால் சம்மதம். பூட்டின் சாவி யாரிடம் என்பதை எழுத்தில் தாருங்கள். தெருப் பெயர் போடுவதா இல்லையா என்பதை வீட்டுக்கு வீடு கேளுங்கள், எல்லாருக்கும் சேர்த்து நான் சொல்ல முடியாது.

மூன்றாம் குறுக்கு:
சாவியை விடக் கோப்பு எங்கே என்பதுதான் எனக்குக் கவலை. ஷுல்மனின் சேகரிப்பு 2005இல் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கெட்டி (Getty) ஆய்வு நிறுவனத்துக்குப் போனபடியால்தான் இன்றைக்கு நாம் இருந்த இடத்திலிருந்து பார்க்கிறோம். கொழும்பு ஈரத்தில் லென்ஸிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது. ஒரு ஹார்ட் டிஸ்க்கை நம்பி இதை விடக் கூடாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் ஒரே இடத்தில் ஒன்றையும் வைக்க மாட்டார்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள், 2005இலிருந்து நம் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறார்கள். இன்னொன்று மொரட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறைக்கு. மூன்றாவதாக, நல்ல தாளில் அச்சடித்த ஒரு தொகுதி வீட்டுக்காரர் கையில். அதன் பின்பக்கத்தில் திகதி, தெரு, அறையின் பெயர், மேசனின் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். மை காலப்போக்கில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.