புதுப்பிப்பு: டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல்

மூன்று வாரம் முன்னால் கேட்டிருந்தேன்: நான் பதிவு செய்யும் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதே, விலை கூடிய மைக் வாங்கலாமா என்று. வாங்கவில்லை. குற்றவாளி மேஜை!

குரல் மைக்குக்கு நேராகவும் வருகிறது, மேஜையில் பட்டுத் தெறித்தும் வருகிறது. தெறித்து வரும் பாதை 34 செ.மீ. கூடுதலாக இருந்தால் சுமார் 1 மில்லிசெகண்ட் தாமதம். அந்தத் தாமதத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி தன்னைத்தானே அடித்துக்கொண்டு பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களை ஈக்யூ (ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்து நிரப்ப இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன், கேவலம். மேஜைமேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்ததும் பாதிக்கு மேல் தீர்ந்தது.

கிட்டே வந்ததில் புதுத் தொல்லை. முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் என்பதால் அடித்தொனி வீங்கிவிட்டது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு, மிச்சத்தை ஈக்யூவில் லேசாகக் குறைத்தேன். ‘ப’ வெடிப்பதற்கு மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தியதே போதுமாக இருந்தது.

கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) முடிந்தமட்டும் ஏற்றும் பழக்கத்தையும் விட்டாச்சு. மெல்லிய ஒலியும் நுணுக்கமாகப் பதியும் 24 பிட்டில் பதிவதால் உச்சம், ஒலி உடையும் 0 டெசிபெலுக்குக் கீழே, மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றாலே தாராளம்.

சத்தமான இடங்களை அமுக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர்தான் இன்னும் பிடிபடவில்லை. அட்டாக் (அது அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெகண்டில் வல்லின எழுத்தெல்லாம் மழுங்குகிறது, 20க்குத் தள்ளினால் உயிர் வருகிறது. ரிலீஸை (அமுக்கியதை விட எடுக்கும் நேரத்தை) எதைக் கேட்டு முடிவு செய்கிறீர்கள்?